எல்லிஸ் பாலம்: மிச்சமான பணமும் அகலமான பாதையும்

மலர்க்குழு அன்பர்கள் கட்டுரை கேட்டு வந்தபோது, வழக்கம்போல் தமிழும் சமணமும் பற்றி ஏதாவது எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்தார்கள். அதைத்தான் சென்ற மலர்களில் எழுதியாயிற்றே! இந்த முறை, நாமெல்லாரும் அன்றாடம் கடந்து போகிற, ஆனால் ஒரு நாளும் நின்று பார்க்காத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "என்னங்க ஐயா அது?" என்றார்கள். "எல்லிஸ் பிரிட்ஜ்" என்றேன். சிரித்துவிட்டார்கள். "பாலத்தைப் பற்றி எழுத நம்ம சங்கத்திலே எஞ்சினியர்கள் இருக்காங்களே, நீங்க துணி வியாபாரியாச்சே" என்றார் ஒரு தம்பி.

உண்மைதான். நான் எஞ்சினியர் அல்லன். கல்லூரிப் படியையும் மிதித்தவன் அல்லன். ஆனால் இந்தப் பாலத்தின் கதை இரும்பும் சிமெண்டும் மட்டுமல்ல. மதிப்பீடு, ஒப்பந்தம், மிச்சம், சந்தேகம், விசாரணை என்று முழுக்க முழுக்கக் கணக்குப் புத்தகத்தின் கதை. அது வியாபாரிக்குப் புரியும். ஒரு நகரம் தன் பாலத்தை எப்படிக் கட்டுகிறது, போதாமல் போனபோது எப்படி அகலப்படுத்துகிறது, அதில் யாரை நம்புகிறது, நம்பியவருக்கு என்ன மரியாதை செய்கிறது என்பதையெல்லாம் இந்த ஒரு பாலத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

ஒட்டக வண்டியின் பின்னால்

நான் 1983-இல் வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி அகமதாபாத்துக்கு வந்தேன். வேலை கிழக்குக் கரையில், ரேவ்டி பஜாரில், ஒரு துணிக் கமிஷன் மண்டியில். தங்கியது மேற்குக் கரையில், பால்டியில், நாலு பேர் சேர்ந்து எடுத்த ஒற்றை அறை. ஆகவே காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை சைக்கிளில் பாலத்தைக் கடந்தாக வேண்டும். அன்று எல்லா வண்டியும் போனது பழைய இரும்புப் பாலத்தின் மேல்தான். பஸ், ஆட்டோ, லூனா, சைக்கிள், கைவண்டி, இவற்றோடு ஒட்டக வண்டி. முன்னால் ஒரே ஒரு ஒட்டக வண்டி அகப்பட்டுக்கொண்டால் போதும், பின்னால் வருகிற ஊரே ஒட்டகத்தின் நடைக்கு வந்துவிடும். ஒதுங்கிப் போக இடம் கிடையாது. இரு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் எழும்பி நிற்கிற இரும்புச் சட்டங்கள், நடுவில் பாதை.

அந்தப் பாலத்தின் நீளம் சுமார் 433 மீட்டர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 31 மீட்டர் கொண்ட 14 கண்கள். அகலமோ 6 மீட்டருக்குச் சற்றே கூடுதல். 1934-இல் தோன்றிய இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்திருக்கும் நெறிப்படி, எதிரும் புதிருமாக இரண்டு வரிசை வண்டிகள் செல்லும் பாலத்துக்கு ஏழரை மீட்டர் வண்டிப்பாதை வேண்டும். அதற்குக்கூட ஒரு மீட்டருக்கு மேல் குறைவு! மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போன காலத்துக்கு எடுத்த அளவு அது. குழந்தைக்குத் தைத்த சட்டையை வளர்ந்த பிள்ளைக்குப் போட்டதுபோல நகரம் அதற்குள் திணறிக்கொண்டிருந்தது.

அந்நாளில் சபர்மதியில் மழைக்காலம் தவிர மற்ற நாளில் தண்ணீரைப் பார்ப்பது அரிது, வெறும் மணல். நர்மதைத் தண்ணீர் வந்ததும், ஆற்றங்கரைப் பூங்கா அமைந்ததும் 2000-க்குப் பிந்திய கதை. பாலத்தின் கிழக்கு அடிவாரத்தில் ஞாயிறுதோறும் குஜரி பஜார் கூடும். பழைய பாத்திரம், பழைய கட்டில், பழைய புத்தகம் எல்லாம் தரையில் விரித்து விற்பார்கள். நான் படித்த கல்லூரி அதுதான். 1879-இல் வெளிவந்த பம்பாய் மாகாணக் கெசட்டியரின் அகமதாபாத் தொகுதி, அட்டை போன ஒரு பிரதி, அங்கேதான் எனக்குக் கிடைத்தது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிப்பவன், அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். இந்தப் பாலத்தின் மேல் பிடித்த பைத்தியம் அன்று தொடங்கியது.

மரப்பாலமும் வெள்ளமும்

அகமதாபாத் நகரம் 1411-இல் சுல்தான் அகமது ஷா நிறுவியது. முதலில் எழுந்ததாகச் சொல்லப்படும் மாணேக் புர்ஜ் என்னும் கொத்தளம் இன்றும் பாலத்தின் கிழக்கு முனையில்தான் இருக்கிறது. நகரம் முழுவதும் கிழக்குக் கரையில், மதிலுக்குள். மேற்கே பால்டி, கோச்ரப் போன்ற சிற்றூர்களும் வயலும்தான். ஆற்றில் தண்ணீர் வந்தால் அக்கரை அக்கரைதான்.

1870-71-இல் ஆங்கிலேயப் பொறியாளர்கள் முதல் பாலத்தைக் கட்டினார்கள். அது மரப்பாலம். 'லக்கடியா புல்' என்று மக்கள் சொன்னார்கள். 'லக்கடி' என்றால் மரம். 'புல்' என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல், பாலம் என்று பொருள். நம்மவர்கள் 'புல்' என்றதும் மாட்டுத் தீவனத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம்! வடக்குப் பிரிவின் கமிஷனராக இருந்த சர் பாரோ ஹெல்பர்ட் எல்லிஸ் என்பவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. செலவு ஐந்தரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, அதாவது சுமார் 5,49,000 ரூபாய். இந்தத் தொகையைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1875-இல் சபர்மதியில் பெருவெள்ளம். இரண்டு முனைக் கண்கள் மட்டும் மிஞ்ச, பாலம் போயே போய்விட்டது. கட்டி நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது.

ஹிம்மத்லாலின் கணக்கு

பிறகு பல ஆண்டுகள் கழித்து இரும்புப் பாலம் எழுந்தது. 1892-இல் முடிந்தது. அதைக் கட்டி முடித்தவர் ஹிம்மத்லால் தீரஜ்ராம் பச்சேச் என்னும் இந்தியப் பொறியாளர். இரும்பு, இங்கிலாந்தில் பர்மிங்ஹாமிலிருந்து கப்பலில் வந்தது. ஒதுக்கப்பட்ட தொகை 5 லட்சம் ரூபாய். ஹிம்மத்லால் முடித்துக் கொடுத்த கணக்கு சுமார் 4 லட்சத்து 7 ஆயிரம். ஏறத்தாழ 93 ஆயிரம் ரூபாய் மிச்சம்!

இந்த இடத்தில் நம்மவர் ஒருவர் இருந்தால் என்ன சொல்வார்? "பேஷ், கெட்டிக்காரர்" என்பாரா? சொல்ல மாட்டார். "எங்கேயோ இடிக்குதே" என்பார். அன்றைய அரசாங்கமும் அப்படித்தான் நினைத்தது. இருபது வருடத்துக்கு முன்னால் மரத்தில் கட்டியதற்கே ஐந்தரை லட்சம் ஆயிற்று. இப்போது சீமையிலிருந்து இரும்பைக் கொண்டுவந்து கட்டியதற்கு நாலு லட்சமா? மட்டமான சரக்கைப் போட்டிருப்பார் என்ற சந்தேகம் எழுந்தது. ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள்.

குழு சோதித்துப் பார்த்தது. வேலை மட்டமாக இல்லை. உயர்ந்த தரம் என்று தெரிந்தது. பணம் மிச்சமானதற்குக் காரணம் களவு அல்ல, கவனம். அரசாங்கம் அதோடு விட்டுவிடவில்லை. பொதுப் பணத்தை மிச்சப்படுத்தியதற்காக ஹிம்மத்லாலுக்கு 'ராவ் சாகிப்' பட்டம் கொடுத்துக் கௌரவித்தது.

அந்தக் குழுவின் தீர்ப்பைக் காலமும் ஆமோதித்தது. 1973-இல் சபர்மதியில் பெரிய வெள்ளம் வந்தது. பாலம் நின்றது. 2001 ஜனவரி 26 பூகம்பத்தை இங்கே இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். நேற்றுக் கட்டிய அடுக்குமாடிகள் எத்தனை மணிநகரிலும் பிற இடங்களிலும் மண்ணோடு மண்ணாயின! அன்று மாலை, கை கால் நடுக்கம் தீராமலே நான் ஆற்றங்கரைக்கு நடந்து போனேன். 109 வயதுப் பாலம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. "ராவ் சாகிப்!" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பாலமே நகரத்தை வளர்த்தது

பாலம் வந்ததும் அக்கரை இக்கரையாயிற்று. 1915-இல் காந்தியடிகள் தம் முதல் ஆசிரமத்தை மேற்குக் கரைக் கோச்ரபில்தான் தொடங்கினார். 1930 மார்ச்சில், தண்டி யாத்திரைக்கு முன், இந்தப் பாலத்தருகே திரண்ட பெருங்கூட்டத்தில் பேசினார். 1924 முதல் 1928 வரை வல்லபாய் படேல் நகராட்சித் தலைவராக இருந்த காலத்தில் ஆற்றுக்கு மேற்கே நகரை விரிக்கும் வேலை சூடு பிடித்தது. அந்த மேற்குப் பகுதிக்கே 'எல்லிஸ் பிரிட்ஜ்' என்று பெயராகிவிட்டது. பாலம் ஒரு வட்டாரத்துக்கே பெயர் கொடுத்தது.

ஆனால் பாருங்கள், பாலம் தான் வளர்த்த நகரத்தாலேயே சிறியதாகிப் போனது. சர்தார், காந்தி, நேரு, சுபாஷ் என்று தலைவர்கள் பெயரில் வேறு பாலங்கள் மேலும் கீழுமாக வந்தபோதும் எல்லிஸ் பாலத்தில் நெரிசல் தீரவில்லை. 1990-களில் அகலப்படுத்தியே ஆக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது.

ஏன் இழுத்து அகலமாக்க முடியாது?

சாதாரணச் சாலை என்றால் இரு புறமும் கொஞ்சம் மண்ணைக் கொட்டி அகலமாக்கிவிடலாம். பாலம் அப்படியல்ல. அதிலும் இந்த ஜாதிப் பாலம் அறவே அப்படியல்ல. காரணம் சொல்கிறேன்.

சில பாலங்களில் பாரம் தாங்கும் கர்டர்கள் பாதைக்குக் கீழே இருக்கும். அங்கே பக்கத்தில் இன்னும் ஒரு கர்டரும் தூணும் சேர்த்துப் பாதையை நீட்டலாம். எல்லிஸ் பாலத்தில் பாரம் தாங்குவது பாதைக்கு மேலே, இரு பக்கமும் நிற்கிற வில். ஒவ்வொரு கண்ணிலும் வலப்பக்கம் ஒரு வில், இடப்பக்கம் ஒரு வில், கீழே நாண். அந்த விற்களிலிருந்து தூளியைத் தொங்கவிட்டதுபோல் பாதை தொங்குகிறது. ஆகவே பாதையின் அகலம் என்பது இரண்டு விற்களுக்கும் இடையே உள்ள தூரம்தான். அதைக் கூட்ட வேண்டுமென்றால் வில்லையே நகர்த்த வேண்டும். நகர்த்தினால் குறுக்கு இரும்புகளும் நீள வேண்டும், தடிக்க வேண்டும். அந்தக் கனத்தைத் தாங்க வில்லும் தடிக்க வேண்டும். தூணும் மாற வேண்டும். அப்புறம் அது பழைய பாலமே அல்ல.

கல் பாலத்தில்கூட இந்த ஆசை ஆபத்தானது. லண்டன் பாலத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். ரென்னி என்பவரின் வடிவமைப்பில் 1831-இல் திறந்த கல் பாலம் அது. நெரிசல் தாங்காமல் 1902 முதல் 1904 வரை பக்கவாட்டில் கருங்கல் தாங்கிகளை நீட்டி, 52 அடி அகலத்தை 65 அடியாக்கினார்கள். பதின்மூன்று அடி கிடைத்தது. ஆனால் பாலம் எட்டு ஆண்டுக்கு ஓர் அங்குலம் வீதம் ஆற்றுக்குள் அமிழ்ந்துகொண்டிருப்பது பின்னர் அளந்தபோது தெரிந்தது. 1924 வாக்கில் கிழக்குப் பக்கம் மேற்கைவிட மூன்று நான்கு அங்குலம் தாழ்ந்திருந்தது. கடைசியில் 1968-இல் அதை ஓர் அமெரிக்கருக்கு விற்றார்கள். அவர் கல் கல்லாகக் கொண்டுபோய் அரிசோனாப் பாலைவனத்தில் நட்டுவைத்தார். பாலத்தையும் ஏற்றுமதி செய்யலாம் என்று காட்டிய வியாபாரம் அது!

அளவெடுப்பவரும் தைப்பவரும்

இங்கேதான் வடிவமைப்பு ஒப்பந்தம் என்பதன் அருமை புரிகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் பொறியியல் படிக்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காக என் தொழில் பாஷையில் சொல்கிறேன்.

ஒரு சட்டைக்கு மூன்று வேலை: அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது. சிறு கடையில் மூன்றையும் ஒருவரே செய்வார். பெரிய வேலையில் தனித்தனி ஆள் வேண்டும். ஹிம்மத்லால் காலத்தில் ஒரு பொறியாளரே பொறுப்பு முழுவதையும் தோளில் சுமந்தார். குறை வந்தாலும் நிறை வந்தாலும் அவர் பெயரைத்தான் சொன்னார்கள். பிற்காலத்தில் வேலை பிரிந்தது. கல்கத்தாவின் ஹௌரா பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1874-இல் போட்டிருந்தது மிதவைப் பாலம். அது போதவில்லை என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே குழுக்கள் கூடின. தொழிலதிபரும் பொறியாளருமான சர் ஆர்.என். முகர்ஜி தலைமையிலும் ஒரு குழு ஆராய்ந்தது. வடிவமைத்தது ரெண்டல், பாமர் அண்ட் டிரிட்டன் என்ற ஆலோசனை நிறுவனம். இரும்பு வேலை செய்து நிறுத்தியது பிரைத்வெயிட், பர்ன் அண்ட் ஜெசப் நிறுவனம். 26,500 டன் எஃகில் 23,000 டன் டாட்டா கொடுத்தது. 1943 பிப்ரவரியில் பாலம் திறந்தது. வரைந்தவர் வேறு, கட்டியவர் வேறு, சரக்குக் கொடுத்தவர் வேறு. ஒருவர் வேலையை மற்றவர் பார்க்கிற ஏற்பாடு அது.

இன்று ஒரு மாநகராட்சி பாலத்தை அகலப்படுத்த நினைத்தால் முதலில் ஓர் ஆலோசகரை அமர்த்துகிறது. அவர் வண்டிகளை எண்ணுகிறார். ஆற்றுப் படுகையில் துளை போட்டு மண்ணைப் பார்க்கிறார். பழைய தூணின் வலுவைச் சோதிக்கிறார். பாலத்தோடு போகிற குடிநீர்க் குழாய், தொலைபேசிக் கம்பி எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார். பிறகு வரைபடமும் மதிப்பீடும் தருகிறார். அந்தக் கணக்கை வேறொரு வல்லுநரோ கல்வி நிறுவனமோ சரிபார்க்க வேண்டும். அதன் பிறகே கட்டுமான டெண்டர். ஆலோசகருக்குக் கொடுக்கிற கூலி மொத்தச் செலவில் சிறு பங்குதான். ஆனால் அந்தச் சிறு பங்கில்தான் மீதி முழுவதும் தொங்குகிறது. அதனால்தான் நல்ல நிர்வாகத்தில் ஆலோசகரைப் பொறுக்கும்போது குறைந்த விலையை மட்டும் பார்க்காமல், முன் செய்த வேலைக்கும் தகுதிக்கும் தனியே மதிப்பெண் போடுகிறார்கள். துணியில் பேரம் பேசலாம். அளவில் பேரம் பேசக் கூடாது. அளவு தப்பினால் பட்டானாலும் வீண்.

பாலத்தின் நடுப்பகுதியைவிட முனைகள் பெரிய தலைவலி என்பதையும் சொல்ல வேண்டும். பாலம் மூன்று மடங்கு அகலமாகி, இறங்குகிற சாலை பழைய அகலத்திலேயே இருந்தால் என்ன பயன்? நெரிசல் நடு ஆற்றிலிருந்து கரைக்கு வரும், அவ்வளவுதான். எல்லிஸ் பாலத்தின் கிழக்கு முனையில் மாணேக் புர்ஜ், விக்டோரியா தோட்டம். மேற்கே போனால் கிளாட் பேட்லி வடிவமைத்த டவுன்ஹால், அதை அடுத்து எம்.ஜே. நூலகம். எதையும் இடித்துத் தள்ளிவிட முடியாது.

தள்ளி நின்று தோள் கொடுத்தது

இந்தச் சிக்கலுக்கு அகமதாபாத் கண்ட விடை எளிமையானது. பழைய பாலத்தைத் தொடவே இல்லை. அதன் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு கான்கிரீட் பாலங்களைத் தனித் தூண்களில் கட்டினார்கள். போகிற வண்டிகள் ஒன்றில், வருகிற வண்டிகள் மற்றொன்றில். 1997-இல் பழைய பாலத்தில் வண்டி போவது நின்றது. புதிய பாலத்துக்குச் சுவாமி விவேகானந்தர் பெயர் வைத்தார்கள். மக்கள் வாயில் இன்றும் எல்லிஸ் பிரிட்ஜ்தான்.

இரண்டு பேரப்பிள்ளைகள் இருபுறமும் நடக்க, நடுவில் தாத்தா நிற்பதுபோல் இருக்கும் அந்தக் காட்சி. பாரம் பிள்ளைகள் மேல், மரியாதை தாத்தாவுக்கு. பழைய தூணில் புதிய பாரத்தை ஏற்றி லண்டனில் பட்ட பாடு இங்கே வரவில்லை. கட்டுகிற காலத்திலும் போக்குவரத்தை அடியோடு நிறுத்த வேண்டிய தேவை இந்த முறையில் குறைகிறது. இதே யோசனை நம் பக்கத்திலும் உண்டு. சுலோசன முதலியார் தம் கைப்பணம் போட்டு, 1843-இல் திறந்த திருநெல்வேலித் தாமிரபரணிப் பாலத்துக்குப் பக்கத்தில் அண்மைக் காலத்தில் புதுப் பாலம் எழுந்தது. சென்னை அடையாற்றில் பழைய எல்பின்ஸ்டன் பாலத்தை விட்டுவிட்டு அருகிலேயே திரு.வி.க. பாலத்தைக் கட்டினார்கள்.

ஆனால் தாத்தாவை வீட்டில் வைத்துக்கொள்வதற்கும் செலவு உண்டு. வண்டி போகாத பாலத்துக்குப் பெயிண்ட் எதற்கு என்ற நினைப்பு வந்துவிடுகிறது. துரு ஏறியது. 2010-களின் தொடக்கத்தில், பஸ்ஸுக்கென்று தனிப்பாதை அமைக்கும் திட்டத்துக்காகப் பழைய பாலத்தை எடுத்துவிடலாம் என்ற யோசனை வந்தது. நகர மக்கள் எதிர்த்தார்கள், யோசனை கைவிடப்பட்டது. 2017-இல் அகமதாபாத்தின் பழைய நகரம் உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டது. 2024-இல் எல்லிஸ் பாலத்தைச் சீர்செய்ய மாநில அரசு சுமார் 32 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. ஹிம்மத்லால் நாலு லட்சத்தில் கட்டியதைக் காப்பாற்ற இன்று 32 கோடி!

சந்தேகத்துக்குப் பின்னால் வர வேண்டியது

இவ்வளவு சொன்னதற்குக் காரணம் இனிமேல் வருகிறது.

நம் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் வாழும் கிழக்குப் பகுதியில் 2017-இல் ஒரு மேம்பாலம் திறந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஐந்தே வருடத்தில், 2022-இல், கான்கிரீட் தரமில்லை என்று மூடப்பட்டது; பிறகு இடிப்பதென்றே முடிவாயிற்று. அதே 2022 அக்டோபரில் மோர்பியில், மன்னர் காலத்துத் தொங்குபாலம் பழுதுபார்த்துத் திறந்த நாலைந்து நாளில் அறுந்து 135 உயிர்கள் போயின. 1892-இல் வேலை முடிந்தவுடன் சந்தேகப்பட்டுச் சோதித்தார்கள். இப்போது உயிர் போன பிறகு சோதிக்கிறோம். சந்தேகம் என்பது கெட்டது அல்ல. சரியான நேரத்தில், சரியான ஆளைக்கொண்டு செய்கிற சந்தேகத்துக்குத்தான் தணிக்கை என்று பெயர்.

ஆனால் தணிக்கையோடு கடமை முடிந்துவிடுகிறதா? இதற்கு என் சொந்தக் கணக்கிலிருந்தே ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுகிறேன். பல வருடமாக மூடி வைத்திருந்த பக்கம்.

2004-இல் எங்கள் ஊர்ச் சினாலயத்தின் மேல்தளம் ஒழுகியது. மேஸ்திரி போட்ட மதிப்பீடு 2 லட்சத்து 60 ஆயிரம். வெளியூரில் இருக்கிற நயினார் குடும்பங்களிடம் நன்கொடை திரட்டி அனுப்பும் பொறுப்பு என்னுடையது. ஊரில் நின்று வேலை பார்த்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். நாலு மாதத்தில் வேலையை முடித்துவிட்டு 73 ஆயிரம் ரூபாயைத் திருப்பி அனுப்பிவிட்டார்! நன்கொடை கொடுத்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "மட்டமான சிமெண்டு போட்டிருப்பாரு. மிச்சத்தைக் காட்டி மீதியை மறைக்கிறாரு." நான் மறுத்துப் பேசினேனா என்றால், இல்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மார்க்கெட்டில் முப்பது வருடம் இருந்தால் மிச்சம் என்ற சொல்லே காதில் பொய்யாக விழும். ஹிம்மத்லாலின் கதை அப்போது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அப்படி நினைத்தேன்.

ஊருக்குப் போனேன். கணக்குக் கேட்டேன். அவர் முகம் சுருங்கவில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்து, "எடுத்துக்கிட்டுப் போய் நிதானமா பாருங்க தம்பி" என்றார். சூளைக்கே போய்ச் செங்கல் வாங்கியது, பழைய தட்டோடுகளில் உடையாதவற்றைப் பொறுக்கித் திரும்பப் பதித்தது, மேஸ்திரி கூலி, டீக்காசு எல்லாம் தேதிவாரியாக இருந்தது. தெரிந்த பொறியாளர் ஒருவரை அழைத்துப்போய், மேல்தளத்தில் பாத்தி கட்டி இரண்டு நாள் தண்ணீர் தேக்கிவைத்துப் பார்த்தோம். கீழே ஈரக்கசிவே இல்லை. அகமதாபாத் வந்து நோட்டைத் தபாலில் திருப்பி அனுப்பினேன். கூடவே ஒரு வரி: "கணக்கு சரியாக உள்ளது."

அடுத்த வருடம், 2005-இல், தமிழ்நாட்டில் பேய்மழை. எங்கள் ஊரில் எத்தனையோ வீடு ஒழுகியது; சினாலயத்தில் ஒரு சொட்டு இல்லை. அப்போதாவது அவருக்கு ஒரு கடிதம் போட்டிருக்க வேண்டும். சந்தேகப்பட்டு வாய் பேசியவர்களையெல்லாம் கூட்டிவைத்து, சபையில் அவருக்கு ஒரு சால்வை போர்த்தியிருக்க வேண்டும். அடுத்த திருவிழாவுக்குப் போகும்போது செய்யலாம், செய்யலாம் என்றிருந்தேன். 2007-இல் அவர் காலமாகிவிட்டார்.

வெள்ளைக்கார அரசாங்கம் எத்தனையோ அநியாயம் செய்தது. ஆனால் ஹிம்மத்லால் விஷயத்தில் அது செய்ததை நான் செய்யவில்லை. சந்தேகத்தை ஊரறியச் சொல்லிவிட்டு, நம்பிக்கையை ஒரு வரித் தபாலில் அனுப்பினேன். கள்ளாமை ஒரு விரதம் என்று சிறு வயதிலேயே கற்றவன் நான். ஒருவருடைய நல்ல பெயரை எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்காமல் இருப்பதும் களவுதான் என்பது எனக்கு அறுபது வயதில்தான் உறைத்தது.

முடிவாக

நம் சங்கக் கட்டடத்தை விரிவாக்க வேண்டும் என்ற பேச்சு சில காலமாக நடந்து வருவதால் அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, வரைபடம் போடுபவருக்குக் கொடுக்கிற பணத்தைத் தண்டச் செலவாக நினைக்காதீர்கள். பழைய சுவர் தாங்குமா, பக்கத்தில் புதிதாக எழுப்புவது நல்லதா என்று சொல்லப்போகிறவர் அவர்தான். இரண்டு, கணக்கை வேலை நடக்கும்போதே பாருங்கள். யார் பார்த்தாலும் பொறுப்பாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது. மூன்று, கணக்கு சரி என்று தெரிந்தால், அதை எந்தச் சபையில் சந்தேகப்பட்டோமோ அதே சபையில் எழுந்து நின்று சொல்லுங்கள்.

எல்லிஸ் பெயரும் விவேகானந்தர் பெயரும் அந்தப் பாலத்துக்கு உண்டு. ஹிம்மத்லால் பெயர் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், பக்கப் பாலத்தின் நடைபாதையில் நின்று அந்தப் பதினான்கு விற்களையும் எண்ணச் சொல்லுங்கள். கட்டியவர் பெயரை அவர்களுக்குச் சொல்லுங்கள். நான் போகும்போது இன்னொரு பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன். அதை இங்கே அச்சில் போடுவது அவருக்குப் பிடித்திருக்காது.